பாவாடை மடிப்பில் ஒரு வருஷம்

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, மகளுக்கு நாலு வயது முடியப்போகிறது, பாவாடை மடிப்பைப் பிரிக்க வேண்டும் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இந்த முறை வந்த கேள்விகளில் பாதி பிறந்தநாள் பற்றியவை. சரி, இந்தப் பக்கம் முழுக்க அதுவே இருக்கட்டும்.

மூன்று வயது வரை நடப்பது எதுவும் குழந்தைக்கு நினைவிருக்காதாமே? அப்புறம் எதற்கு முதல் பிறந்தநாளுக்கு மண்டபமும் நானூறு பேருக்குச் சாப்பாடும்? (வாசகர், மதுரை)

மண்டபத்துக்காக வாதாட என்னால் முடியாது. ஆனால் நினைவு விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். பெரியவர்களிடம் முதல் நினைவு எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மூன்று, மூன்றரை வயதுக்குப் பிறகு நடந்த ஒன்றைத்தான் சொல்கிறார்கள். அதற்காகக் குழந்தைக்கு நினைவே இல்லை என்று ஆகாது. இரண்டு வயதுக் குழந்தை போன மாதம் போன ஊரைச் சொல்லும், வளர வளர அதுதான் உதிர்ந்துபோகிறது. மூளையில் நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அந்த வயதில் இன்னும் முதிர்ந்துகொண்டிருப்பது அதற்கு ஒரு காரணம். என் மகளை இரண்டாவது பிறந்தநாளன்று மெரினாவில் குதிரையில் ஏற்றினோம், ஆறு மாதம் வரை 'குதிர முதுகு சூடு' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். போன வாரம் அந்தப் போட்டோவைக் காட்டினால், "இது எந்தப் பாப்பா?" என்கிறாள்!

மாமியார் நட்சத்திரப்படி கொண்டாடச் சொல்கிறார், கணவர் தேதி என்கிறார். நீங்கள்? (வாசகி, கும்பகோணம்)

இரண்டும். நட்சத்திரத்தன்று கோயிலில் ஒரு அர்ச்சனை, வீட்டில் பால் பாயசம், சாயங்காலம் ஆரத்தி. தேதியன்று கேக். தமிழ் மாதம் 29 முதல் 32 நாள் வரை போகும், சந்திரன் 27 நட்சத்திரத்தையும் சுற்றிவர 27 நாளும் சில மணி நேரமும்தான், அதனால் சில வருஷம் ஒரே மாதத்தில் ஒரே நட்சத்திரம் இரண்டு முறை வந்துவிடும். எங்கள் வீட்டில் அப்போது இரண்டாவதை எடுத்துக்கொள்வோம். என் மகளைக் கேட்டால் இரண்டு நாளுமே வேண்டும் என்பாள்.

என் பையனுக்கு மூன்று வயது முடிந்தது. ஆறு மாதக் குழந்தையாக அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனவள் நான். பிறந்தநாளன்று எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, ராத்திரி எனக்கு மட்டும் அழுகை. இது ஏன்? (வாசகி, திருப்பூர்)

எனக்கும் வருகிறது, நான் வீட்டிலிருந்தே எழுதுகிறவள். அதனால் வேலைக்குப் போனதன் மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள். 26 வார விடுப்பு முடிந்து போயிருப்பீர்கள் போலிருக்கிறது. 2017-இல் சட்டத்தைத் திருத்தும் வரை அது 12 வாரம்தான். என் அக்கா மூன்றாம் மாதமே பாலைப் பீய்ச்சி டம்ளரில் மூடி வைத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடியவள், அவள் மகன் இப்போது அவள் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கிறான், பிறந்தநாள் வந்தால் அவளும் கொல்லைப்புறம் போய் மூக்கைச் சிந்திவிட்டுத்தான் வருவாள்.

என் கதையைச் சொல்கிறேன். மகளின் முதல் பிறந்தநாளுக்கு அரக்குக் கலரில் பட்டுப் பாவாடை எடுத்தோம். வளர்கிற பிள்ளை என்று துணியைக் கூடுதலாக வாங்கி, கீழே மூன்று மடிப்பு வைத்துத் தைத்தார் எங்கள் தெருத் தையல்காரர். வருஷத்துக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு முதல் நாள் ராத்திரி, அவள் தூங்கிய பிறகு பிளேடால் பிரித்துவிடுவேன். மடிப்புக்குள் இருந்த பட்டு புதுசாக இருக்கும், வெளியே இருந்தது கொஞ்சம் வெளுத்திருக்கும், நடுவில் ஊசி போன துளைகள் வரிசையாக. எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அந்தக் கோடு போகாது. இந்த முறை பிரித்தது கடைசி மடிப்பு. இடுப்புப் பட்டையை மாற்றினால் இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்கிறார் தையல்காரர். பிரித்த நூலை முந்தானையிலிருந்து பொறுக்கிக்கொண்டே அரை மணி நேரம் அழுதேன். இருக்கிற பிள்ளை பக்கத்தில் காலை விரித்துத் தூங்குகிறது, நான் போன வருஷத்துப் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். 'சக்கரை'யை 'தக்கரை' என்றவள் என்றைக்குச் சரியாகச் சொல்ல ஆரம்பித்தாள்? கூடவே இருந்த எனக்கே தெரியவில்லை. நீங்கள் ஆபீஸில் இருந்ததால் மட்டும் எதையோ தவறவிட்டதாக நினைக்க வேண்டாம் என்று அதனால்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்குப் பிரசவ வலி பட்டது நாம், வாழ்த்து எல்லாம் பிள்ளைக்கு. என் அம்மா ஒருத்திதான் காலையில் போன் செய்து, பேத்தியைக் கேட்பதற்கு முன், "நீ சாப்பிட்டியாடி? இந்நேரம்தான் உன்னைப் பிரசவ அறைக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க" என்பாள். உங்கள் அம்மா பக்கத்திலேயே இருக்கிறார். அடுத்த வருஷம் அன்றைக்கு அவர் மடியில் பத்து நிமிஷம் படுத்துக்கொள்ளுங்கள், காரணமெல்லாம் சொல்ல வேண்டாம்.

பெண்ணுக்கு அடுத்த மாதம் முதல் பிறந்தநாள். பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் சேர்க்கவில்லை, அவசரமா? (வாசகர், தருமபுரி)

ஆமாம். பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 வருஷம் வரை சேர்க்கலாம், தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். கேக்குக்கு ஆர்டர் கொடுக்கும் முன் இதை முடியுங்கள். கேக்கில் எழுதவும் பெயர் வேண்டுமே.

பலூன் அலங்காரம் செய்யலாமா? (வாசகி, வேலூர்)

செய்யுங்கள், ஆனால் உடைந்த துண்டையும் ஊதாத பலூனையும் உடனுக்குடன் பொறுக்கிவிடுங்கள். வாயில் போட்டால் தொண்டையில் போய் ஒட்டி மூச்சை அடைக்கும். எட்டு வயது வரை இந்த ஆபத்து உண்டு.

நாலு வயதான அன்று உங்கள் மகள் என்ன சொன்னாள்? (வாசகி, நாகர்கோவில்)

அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை, கேக்கில் இருந்த செர்ரியைத் தின்றுவிட்டுத் தூங்கிவிட்டாள். மறுநாள் காலை ஹாலில் நுனிக்காலில் நின்று சுவிட்சை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னடி என்றால், "நாலு வயசு ஆயிடுச்சே, இன்னும் எட்டலையே" என்று ஒரே கோபம். கதவு நிலையில் பென்சிலால் குறித்த அளவைக் காட்டினேன். போன வருஷம் 94 சென்டிமீட்டர், இப்போது 101. அதெல்லாம் அவளுக்கு வேண்டாம். சுவிட்சுக்கு இன்னும் நாலு விரல் கடை இருக்கிறது.