வாசகர் கேள்வி – பதில்: பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகளைத் திறப்பது

கொரோனா பெருந்தொற்றின் தொடக்கத்தில், 2020 ஏப்ரலில், 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. சுமார் 160 கோடி மாணவர்களின் படிப்பு தடைபட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. காற்றில் பரவும் இத்தகைய நோய் மீண்டும் வந்தால் பள்ளிகளை எப்படித் திறப்பது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் பள்ளியின் நிதி மிகக் குறைவு. கிருமிநாசினி தெளிப்பது, வாசலில் காய்ச்சல் பார்ப்பது, மேசைகளுக்கு நடுவே தடுப்பு வைப்பது ஆகியவற்றில் எதை முதலில் செய்ய வேண்டும்? – தலைமையாசிரியர் ஒருவர்

பதில்: மூன்றையும் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் ஒவ்வொரு வகுப்பறையின் சன்னலையும் நீங்களே திறந்து பாருங்கள். பெயின்ட் ஒட்டிக்கொண்டு திறக்க முடியாதவை, தாழ்ப்பாள் உடைந்தவை, அலமாரி வைத்து மறைக்கப்பட்டவை எனப் பல இருக்கும். அவற்றைச் சீர்செய்யும் செலவுதான் முதல் செலவாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் இதுதான். கொரோனா பெரும்பாலும் மூச்சிலும் பேச்சிலும் வெளிப்படும் நுண்துளிகள் வழியாகவே பரவியது. அவை மூடிய அறைக்குள் புகையைப் போலத் தேங்கி நிற்கும். பொருள்களைத் தொடுவதால் பரவும் வாய்ப்போ மிகக் குறைவு. கிருமி படிந்த பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று ஏற்படும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழ் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் தெரிவித்தது. வாசலில் காய்ச்சல் பார்ப்பதால், அறிகுறி தோன்றுமுன்பே நோயைப் பரப்புபவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. தடுப்புப் பலகைகள் சில நேரங்களில் காற்றோட்டத்தையே மறித்துவிடும்.

காற்றோட்டம் போதுமா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. அதற்குக் கையடக்கமான கார்பன் டைஆக்சைடு அளவி ஒன்று போதும்; பள்ளிக்கு ஒன்று வாங்கி வகுப்பு வகுப்பாக எடுத்துச் சென்று அளக்கலாம். வெளிக்காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் ஏறக்குறைய 400 பங்கு இருக்கிறது. நாம் வெளிவிடும் மூச்சிலோ ஏறக்குறைய 40,000 பங்கு. பாடம் நடக்கும்போது அளவி 1,600 காட்டினால், அந்த அறையில் ஒரு குழந்தை உள்ளிழுக்கும் காற்றில் நூற்றுக்கு மூன்று பங்கு, மற்றவர்கள் வெளிவிட்ட மூச்சு என்று பொருள். எதிரெதிர்ச் சுவர்களில் உள்ள சன்னலையும் கதவையும் திறந்து அதை 800-க்கு இறக்கினால் அது ஒரு பங்காகக் குறையும். திறக்கவே இயலாத அறைகளுக்கு ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பான் உதவும். ஆனால் அது அளவி காட்டும் எண்ணைக் குறைக்காது, காற்றிலுள்ள நுண்துளிகளை மட்டுமே பிடிக்கும்.

கேள்வி: பொதுத்தேர்வு எழுதும் பெரிய வகுப்புகளைத்தானே முதலில் திறக்க வேண்டும்? – பெற்றோர் ஒருவர்

பதில்: பல நாடுகள் அப்படித்தான் செய்தன. எனினும் நான் சின்னக் குழந்தைகளின் பக்கம் நிற்கிறேன். பதினாறு வயது மாணவரால் வீட்டிலிருந்தபடியே ஓரளவு படிக்க முடியும். எழுத்துக் கூட்டத் தொடங்கிய ஆறு வயதுக் குழந்தையால் திரையைப் பார்த்து அதைக் கற்றுக்கொள்ள முடியாது. டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்று சிறு குழந்தைகளுக்கே முதலில் பள்ளியைத் திறந்தது. சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, இயன்றவரை வெளியிலேயே பாடம் நடத்தி, அடிக்கடி கைகழுவச் செய்தார்கள். அதன்பின் அங்கே தொற்று பெருகவில்லை.

அதே ஆண்டு மே மாதம் பள்ளிகளை முழுமையாகத் திறந்த இஸ்ரேலில் கடும் வெப்ப அலை வீசியது. முகக்கவசத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது; நெரிசலான வகுப்பறைகளில் குளிர்சாதனம் ஓடியது. ஜெருசலேமில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் மட்டும் 153 மாணவர்களுக்கும் 25 பணியாளர்களுக்கும் தொற்று உறுதியானது. இரண்டு நாடுகளின் தொற்று நிலைமையும் வேறு என்பதால் நேருக்கு நேர் ஒப்பிடுவது முறையாகாது; ஆனாலும் எந்தச் சூழலில் நோய் வேகமெடுக்கும் என்பதை அந்த ஒரு பள்ளி தெளிவாகவே காட்டிவிட்டது.

கேள்வி: மாணவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துச் சுழற்சி முறையில் வரவழைத்தால் போதுமா?

பதில்: நெரிசல் பாதியாகும் என்பது உண்மை. ஆனால், ஒரே பாடத்தை இருமுறை நடத்திவிட்டு, வீட்டிலிருப்பவர்களுக்கும் ஆசிரியரே பயிற்சி அனுப்ப வேண்டியிருந்தால் சில வாரங்களிலேயே அவர் களைத்துப்போவார். வேலைக்குச் செல்லும் பெற்றோர், பள்ளி இல்லாத நாளில் குழந்தையை வேறு எங்கோ, வேறு பிள்ளைகளோடு விட்டுச் செல்வார்கள். அங்கே குழுக்கள் கலந்துவிடும். ஆகவே குழு மாறாமல் இருப்பதையும் அறை காற்றோட்டமாக இருப்பதையும் உறுதிசெய்துவிட்டு, தொற்று மிக அதிகமான வாரங்களுக்கு மட்டும் சுழற்சி முறையைக் கையாளலாம்.

கேள்வி: வகுப்பில் எல்லோரும் முகக்கவசம் அணிகிறார்கள். மதிய உணவு நேரத்தில் என்ன செய்வது? – ஆசிரியை ஒருவர்

பதில்: நாளின் ஆபத்தான அரைமணி நேரத்தைச் சரியாகச் சுட்டியிருக்கிறீர்கள். எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றி, நெருங்கி அமர்ந்து, உரக்கப் பேசும் நேரம் அது. உணவுக்கூடத்தை விட்டுவிட்டு மரத்தடியிலோ தாழ்வாரத்திலோ, வகுப்பு வகுப்பாக, வெவ்வேறு நேரத்தில் சாப்பிட வையுங்கள். கைகழுவும் குழாயருகே வரிசை நெருக்கியடிக்காதபடி ஐந்து ஐந்து பேராக அனுப்புங்கள். ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு முகக்கவசத்தைக் கட்டாயமாக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில் அறிவுறுத்தியதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கட்டடத்தில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தண்ணீரை. தேங்கிய குழாய்களில் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா வளரக்கூடும். தொட்டியைக் கழுவி, எல்லாக் குழாய்களையும் திறந்து பழைய நீரை வெளியேற்றிய பின்னரே குழந்தைகளை அனுமதியுங்கள்.

கேள்வி: ஒரு மாணவருக்குத் தொற்று உறுதியானால் வகுப்பு முழுவதையும் வீட்டுக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

பதில்: பரிசோதனைக் கருவிகள் போதிய அளவு கிடைத்தால் தேவையில்லை. இங்கிலாந்தில் 2021-இல் 201 மேல்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இதை முறையாகச் சோதித்தார்கள். தொற்றாளருடன் பழகிய மாணவர்களைத் தனிமைப்படுத்துவதற்குப் பதிலாக ஒரு வாரம் நாள்தோறும் விரைவுப் பரிசோதனை செய்து, தொற்றில்லாதவர்களைப் பள்ளிக்கு வரவிட்டபோதும் தொற்றின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

கேள்வி: குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தும் சிலர் மாத்திரை கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். இவர்களை எப்படித் தடுப்பது?

பதில்: தண்டனையால் தடுக்க முடியாது; மறைப்பதுதான் கூடும். ஒருநாள் விடுப்பு எடுத்தால் ஒருநாள் கூலி போய்விடும் என்ற நிலையிலுள்ள தாய் வேறு வழியின்றியே அப்படி அனுப்புகிறார். முழு வருகைக்குப் பரிசு தரும் வழக்கத்தைப் பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்திவையுங்கள். நோயுற்ற நாள்களை வருகைக் கணக்கில் குறைக்காதீர்கள். தவறவிட்ட தேர்வை மறுபடி எழுத அனுமதியுங்கள். ஆசிரியருக்கும் இது பொருந்தும்: தொண்டை கரகரக்கும்போது சம்பளப் பிடித்தமின்றி வீட்டில் இருக்க அவரால் முடிய வேண்டும். காலையில் பெற்றோர் அழைத்துச் சொல்வதற்கு ஒரு தொலைபேசி எண்ணையும், அதை எடுத்துக் கடிந்துகொள்ளாமல் பேசும் ஒருவரையும், பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரமே ஏற்பாடு செய்துவிடுங்கள்.