பதில்: கொல்லம் பக்கம் காத்து இருக்கு, ஆனா மேப்ல குளிர்ச்சி தெரியல

ஜூலைல கொல்லம், கன்னியாகுமரி கரையில காத்து நல்லா அடிக்குது, ஆனா மோடிஸ்ங்கற செயற்கைக்கோள் கருவியோட கடல் வெப்பநிலை மேப்ல குளிர்ந்த தண்ணியே காணோம், அப்வெல்லிங் (அடியில இருக்கற குளிர்ந்த தண்ணி மேல ஏறுறது) இல்லையான்னு கேட்டிருந்தீங்க. அவசரப்பட்டு அப்படி எழுதிடாதீங்க. மோடிஸ் இன்ஃப்ராரெட்ல பாக்குது, தென்மேற்குப் பருவமழை நேரத்துல மேகம் மூடிக்கிட்டா அதுக்குக் கடலே தெரியாது, மாசச் சராசரின்னு நீங்க வச்சிருக்கறது மேகம் விலகுன சில நாளோட சராசரியா இருக்கும், அதனால முதல்ல ஒவ்வொரு பிக்சல்லயும் எத்தன நாள் டேட்டா இருக்குன்னு எண்ணிப் பாருங்க. ஏஎம்எஸ்ஆர்2ங்கற இன்னொரு செயற்கைக்கோள் கருவி மைக்ரோவேவ்ல மேகத்தத் தாண்டிப் பாக்கும், ஆனா கரைய ஒட்டி நிலத்தோட சிக்னல் கலந்துடும், அங்க நம்பாதீங்க.

அடுத்து, நீங்க காத்தோட வடக்கு-தெற்கு கூறு மட்டும் எடுத்திருக்கீங்க, அதுதான் எனக்கு உறுத்துது. கேரளக் கரை வடமேற்கா சாஞ்சிருக்கு, குமரிமுனையில திசையே திரும்புது, ஒவ்வொரு இடத்துலயும் கோணம் அளந்து கரைக்கு இணையான கூறை எடுங்க. 8 டிகிரி அட்சரேகைல கொரியோலிஸ் (பூமி சுத்தறதால ஓட்டத்தத் திருப்பற விளைவு) ரொம்பச் சின்னது, அது சின்னதா இருந்தா அதே காத்துக்குத் தள்ளப்படற தண்ணி அதிகம், கரைக்கு இணையா காத்து சதுர மீட்டருக்கு 0.1 நியூட்டன் விசையில இழுத்தாலே 100 மீட்டர் கரைக்கு செகண்டுக்கு 480 கன மீட்டர் தண்ணி வெளிய தள்ளப்படும், கோணத்துல சின்னத் தப்பு வந்தாலும் கணக்கு எங்கயோ போயிடும்.

ஆல்டிமீட்டர் (கடல் மட்டத்த அளக்கற செயற்கைக்கோள் கருவி) டேட்டாவையும் சேத்துக்குங்க. இங்க உள்ளூர்க் காத்து மட்டும் வேல செய்யல, வங்காள விரிகுடாவுல கிளம்பி இலங்கையச் சுத்தி வர்ற கெல்வின் அலைகளும் (கரைய ஒட்டியே நகர்ற ரொம்ப நீளமான அலைங்க) கீழ இருக்கற குளிர்ந்த தண்ணிய மேல ஏத்தும், அப்ப கரையோரக் கடல் மட்டம் இறங்கும். கோணத்த மாத்திப் போட்டு வர்ற வரைபடத்த இங்க போடுங்க, சேந்து பாக்கலாம்.