ஆறு மாதத்தில் ஜப்பானிய மொழியா?

கேள்வி: ஜப்பானிய மொழியை ஆறே மாதத்தில் சரளமாகப் பேசிவிடலாம் என்கிறார்களே, நடக்கிற காரியமா?

பதில்: வழி கேட்டு, டிக்கெட் எடுக்கிற அளவுக்கு என்றால் தாராளமாக நடக்கும். சரளம் வேறு விஷயம். அமெரிக்கத் தூதரக அதிகாரிகளுக்கு மொழி சொல்லித்தரும் அரசுப் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசுகிறவர் ஸ்பானிஷ் கற்க 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும், ஜப்பானிய மொழிக்குச் சுமார் 2,200 மணி நேரமும் ஆகும் என்று கணக்குச் சொல்கிறது. அதுவும் வேறு வேலையில்லாமல் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு. தினம் ஒரு மணி நேரம் என்றால் ஆறு வருஷம், வகுத்துப் பாருங்கள். நமக்கு ஒரு சலுகை உண்டு: தமிழைப் போலவே அங்கும் வினைச்சொல் கடைசியில்தான் வரும், வாக்கியம் அமைப்பதில் அவ்வளவு திண்டாட்டம் இருக்காது. ஆனால் அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பான் அரசே பட்டியலிட்ட 2,136 கான்ஜி எழுத்துகளிடம் (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள் இவை) அந்தச் சலுகை செல்லாது! சரி, பேச்சுதான் முக்கியம் என்றால் எழுத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, முதல் மாதமே யாரிடமாவது வாயைத் திறந்து பேசுங்கள், தப்பும் தவறுமாக இருந்தாலும்.