நான்கு கட்டுரை டாக்டர்

வணக்கம் சார்,

அப்பாவுக்கு 67 வயது. சிறுநீர்ப்பையில் கட்டி வந்து சுரண்டி எடுத்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் மேலோட்டமானது என்கிறது ரிப்போர்ட். இனி வாரம் ஒருமுறை டியூப் வழியாக பிசிஜி மருந்து ஏற்ற வேண்டுமாம். எங்கள் டாக்டரை கூகுள் ஸ்காலரில் தேடினேன். நான்கே ஆராய்ச்சிக் கட்டுரைகள். சென்னையில் ஒருவருக்கு இருநூறுக்கு மேல் இருக்கிறது. மாறிவிடலாமா? அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர், பீடியும் உண்டு. எதனால் வந்திருக்கும்?
க., ஈரோடு

அன்புள்ள க.,

சாயத்தொழிலாளர்களுக்கு இந்த நோய் வருவதை லுட்விக் ரேன் பிராங்க்பர்ட்டில் 1895-லேயே கவனித்துச் சொல்லிவிட்டார். பீடி, சிகரெட் அதைவிடப் பெரிய காரணம். இரண்டையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்பாவிடம் குத்திக்காட்ட வேண்டாம், பீடியை மட்டும் நிறுத்த வையுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது அந்த ‘இருநூறு’ என்ற இடத்தில். கட்டுரைகளை எண்ணி ஆராய்ச்சியாளரை மதிப்பிடும் பித்தைப் பற்றிச் சில மாதங்களாகவே மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வந்து மாட்டினீர்கள்.

உங்கள் அப்பாவுக்கு ஏற்றப்போகும் மருந்து எப்படி வந்தது தெரியுமா? நம் தோளில் தழும்பு விட்டுப்போன அதே காசநோய்த் தடுப்பூசிக் கிருமிதான். அதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பார்த்தவர் அல்வாரோ மொராலெஸ், கனடாவின் கிங்ஸ்டனில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர். 1976-ல் இரண்டு சகாக்களோடு ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். அதில் இருந்த நோயாளிகள் எத்தனை பேர்? ஒன்பது. இருநூறு அல்ல, தொண்ணூறு அல்ல, ஒன்பது பேர். மருந்துக்கு முன்பு அந்த ஒன்பது பேரையும் கவனித்த மாதங்களைக் கூட்டினால் 77 மாதங்களில் 22 முறை கட்டி திரும்பியிருந்தது. மருந்துக்குப் பின் 41 மாதங்களில் ஒரே முறை. பெரிய ஆய்வுகள் பிறகு வந்தன. அமெரிக்க அரசின் ஒப்புதல் வர 1990 ஆயிற்று. மேலோட்டமான, ஆனால் முரட்டு வகைக் கட்டிகளுக்கு இன்றும் முதலில் கொடுப்பது இதைத்தான்.

வாரம் ஒன்றாக ஆறு வாரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பது இன்னும் வேடிக்கை. மருந்து ஆறு குப்பிகள் கொண்ட பெட்டியாக வந்ததாம்! பக்கவிளைவு ஒரு வாரத்துக்குள் அடங்கியதால் வாரத்துக்கு ஒன்று. பின்னாளில் தவணையைக் குறைத்துப் பார்த்தவர்கள், கட்டி அதிகம் திரும்புவதைக் கண்டு ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

இந்த ஒன்பது பேரை எந்த எண்ணிக்கை அளக்கும்? ஹெச்-இண்டெக்ஸ் என்றொரு அளவுகோலை 2005-ல் ஹிர்ஷ் என்கிற இயற்பியலாளர் முன்வைத்தார். ஒருவரின் கட்டுரைகளில் பத்து, தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் மதிப்பெண் பத்து, இப்படிப் போகும் கணக்கு. அதன்படி, ஒரே ஒரு கட்டுரை எழுதியவருக்கு, உலகமே அதை மேற்கோள் காட்டினாலும், மதிப்பெண் ஒன்றுதான். இருநூறு கட்டுரைக்காரர் திறமைசாலியாகவே இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இருநூறில் எத்தனையில் அவர் நோயாளியைத் தொட்டார், எத்தனையில் கல்யாணப் பத்திரிகையின் கடைசி வரிச் சித்தப்பா போலப் பெயர் மட்டும் கொடுத்தார் என்று கூகுள் உங்களுக்குச் சொல்லுமா?

என் பெரியப்பா அரசு மருத்துவமனையில் சர்ஜன். வாழ்நாளில் ஒரு கட்டுரையும் எழுதவில்லை. ஆனால் நீள நோட்டு ஒன்று வைத்திருந்தார். சிறுநீர்ப்பைக் கட்டி எடுத்தவர்களின் பெயர், ஊர், கட்டி இருந்த இடம், அடுத்து ஸ்கோப் போட்டு, அதாவது குழாய் விட்டு உள்ளே பார்க்க, வேண்டிய தேதி எல்லாம் அதில் இருக்கும். இந்த நோய் திரும்பி வரும் சுபாவம் கொண்டது. மூன்று மாதத்தில் ஆள் வராவிட்டால் போஸ்ட்கார்டு போடுவார். ‘உடனே வரவும். பஸ் செலவுக்குப் பணம் இல்லையென்றால் வந்து வாங்கிக்கொள்ளவும்.’ தபால்பெட்டியில் போட்டுவிட்டு வருவது என் வேலை. அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் பூஜ்யம் ஐயா, பூஜ்யம்.

சரி, உங்கள் விஷயம். டாக்டரை மாற்றுவதும் மாற்றாததும் உங்கள் இஷ்டம். அதற்கு முன் அவரிடம் நேராகக் கேளுங்கள்: சுரண்டி எடுத்த சதையில் தசைப்பகுதி இருந்ததா, மறுபடி ஒருமுறை சுரண்டிப் பார்க்க வேண்டுமா, ஆறு வாரத்துக்குப் பிறகு தொடர் தவணை உண்டா, அடுத்த ஸ்கோப் எப்போது? உட்கார வைத்துப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். உள்ளே போவது உயிருள்ள கிருமி. மருந்தேற்றிய பின் கடும் காய்ச்சல் வந்தாலோ இரண்டு நாளாகியும் விடாவிட்டாலோ, வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துச் சமாளிக்காமல் அன்றைக்கே அவருக்குப் போன் செய்யுங்கள். அந்த நம்பரை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.