கால்பந்தில் சீனாவிலிருந்து உலகத்தரமான ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்கும் முன்கள ஆட்டக்காரர்) ஒருவர்கூட வந்ததில்லையே, ஏன்?

வந்தார். பெயர் சுன் வென். ஷாங்காய்க்காரர், சீனப் பெண்கள் அணியில் ஆடியவர். அவர் ஆடியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பேசாமல் போக முடியவில்லை.

நீங்கள் ஆண்கள் அணியை நினைத்துத்தான் கேட்டிருப்பீர்கள். வூ லெய் ஸ்பெயினில் எஸ்பான்யோல் கிளப்புக்கு ஆடியதும், 2020 ஜனவரியில் பார்சிலோனாவுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் கோல் போட்டு 2-2 என்று சமன் செய்ததும் எனக்குத் தெரியும். 2024இல் சீன லீகில் ஒரே பருவத்தில் 34 கோல் அடித்தார். அவருடைய ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம், அவரை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சீன ஆண்கள் அணி உலகக் கோப்பைக்குப் போனது 2002இல் ஒரே ஒரு முறை. மூன்று ஆட்டத்திலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. சுன் வென் 1999 உலகக் கோப்பையில் மட்டும் ஏழு கோல் அடித்தவர். நாட்டுக்காக 152 ஆட்டங்களில் 106 கோல்.

1999இல் நான் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் இருந்தேன். கணவருக்கு ஒய்2கே வேலை, அதாவது 2000 பிறக்கும்போது கணினிகள் தேதியைத் தப்பாகப் படிக்காமல் சரிசெய்யும் வேலை. எனக்கு எச்-4 விசா, அங்கே வேலைக்குப் போனவரின் மனைவிக்குத் தரும் விசா. திருநெல்வேலியில் மூன்று வருஷம் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போனவள், அங்கே ஒரு டாலர் சம்பாதிக்கக்கூட அனுமதி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். "ஜாலியாத்தானே இருக்கே, உனக்கென்ன குறை" என்று ஊரிலிருந்து போனில் கேட்பார்கள். பதில் சொல்லத் தோன்றாது. 2015இல்தான் எச்-4இல் இருப்பவர்களில் ஒரு சிலருக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்தது. அதற்குள் நான் ஊருக்கே திரும்பிப் பல வருஷம் ஆகியிருந்தது. கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எதிர்வீட்டில் ஒரு ஷாங்காய்க் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணின் அம்மா மகளோடு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருந்தார். அவர் வயதில் இருக்கும் பெண்களைச் சீனத்தில் 'ஆயி' என்றுதான் கூப்பிட வேண்டுமாம். எங்கள் பாட்டியை நாங்கள் கூப்பிட்ட அதே சொல்! எனக்குச் சீனம் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது, இருந்தும் அந்த ஒரு சொல்லை வைத்தே பழகிவிட்டோம். ஜூலை 10, சனிக்கிழமை, பாசடீனாவில் ரோஸ் பவுல் மைதானத்தில் பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டம். அவர்களிடம் ஒரு டிக்கெட் கூடுதலாக இருந்தது. என் கணவருக்கு அன்றும் வேலை. நான் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அந்த வெயிலை மறக்கவே மாட்டேன். 90,185 பேர் வந்திருந்தார்கள். எங்களைச் சுற்றி எல்லாருமே அமெரிக்க ஆதரவாளர்கள், கன்னத்தில் கொடி வரைந்துகொண்ட சின்னப் பெண்கள். ஆயி மடியில் ஒரு சிவப்புக் கைக்குட்டையை விரித்து வைத்துக்கொண்டு ஒன்பதாம் எண் சட்டையையே விரலால் காட்டிக்கொண்டிருந்தார். அதுதான் சுன் வென், அணியின் கேப்டன். உயரமோ ஆகிருதியோ இல்லை. பந்து காலுக்கு வருவதற்குள் தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்துவிடுவார், வந்ததும் அவசரமே படமாட்டார். அமெரிக்கர்கள் அவரை ஒரு நொடி தனியாக விடவில்லை, நடுவில் மிஷெல் ஏக்கர்ஸ் மறித்துக்கொண்டே இருந்தார். 90 நிமிடமும் கோல் இல்லை.

கூடுதல் நேரத்தில் சீனாவுக்கு ஒரு கார்னர் கிக். ஃபான் யுன்ஜியே தலையால் முட்டிய பந்து கோல் கீப்பரைத் தாண்டிப் போய்விட்டது. ஆயி எழுந்தே விட்டார். கோல் கோட்டில் நின்ற அமெரிக்காவின் கிறிஸ்டீன் லில்லி அதைத் தலையாலேயே வெளியே தள்ளிவிட்டார். அன்றைய விதிப்படி கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் கோப்பை சீனாவுக்கு.

கூடுதல் நேரத்திலும் கோல் இல்லை. பிறகு வெற்றியைத் தீர்மானிக்க பெனால்டி உதைகள். சீனாவின் லியூ யிங் அடித்ததை அமெரிக்க கோல் கீப்பர் பிரையானா ஸ்கரி தடுத்தார். உதைப்பதற்கு முன்பே அவர் கோட்டை விட்டு முன்னால் வந்துவிட்டார், படங்களில் தெளிவாகத் தெரியும், நடுவர் கண்டுகொள்ளவில்லை. சீனாவின் கடைசி உதை சுன் வென்னுடையது. அவர் உள்ளே போட்டார். அடுத்து அமெரிக்காவின் பிராண்டி சாஸ்டெய்ன் அடித்து 5-4 என்று முடித்தார், சட்டையைக் கழற்றி முழங்காலிட்டார். உலகம் முழுக்கப் பரவியது அந்தப் படம்தான். போட்டியின் சிறந்த வீராங்கனைக்கான தங்கப் பந்து சுன் வென்னுக்குத்தான், அதிக கோல் விருதையும் பிரேசிலின் சிஸ்ஸியோடு பகிர்ந்துகொண்டார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆயி அழவில்லை. கைக்குட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். திரும்பி வரும்போது காரில் எல்லாரும் மௌனமாக இருந்தோம். பாதி வழியில் அவர் ஏதோ சொல்ல, மகள் எனக்காக மொழிபெயர்த்தாள்: "அந்தப் பெண் தன் பங்கைப் போட்டுவிட்டாள்."

"அப்போது பெண்கள் கால்பந்தில் போட்டியே கிடையாது" என்று சொல்ல சிலர் வருவார்கள். அவர்களுக்கு ஒன்று. அரையிறுதியில் சீனா 5-0 என்று தோற்கடித்தது நார்வேயை, அதாவது 1995இல் உலகக் கோப்பையை வென்ற அணியை. சுன் வென் அதில் இரண்டு கோல். 2000இல் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா நூற்றாண்டின் சிறந்த வீராங்கனையைத் தேர்ந்தெடுத்தபோது அந்தப் பட்டம் இவருக்கும் ஏக்கர்ஸுக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. பிறகு அமெரிக்கத் தொழில்முறை லீகில் அட்லாண்டா அணிக்கு ஆடப் போனார். அந்த லீகின் 2001 இறுதியாட்டத்தில் அட்லாண்டா தோற்றதும் பெனால்டியில்தான், அதுவும் சாஸ்டெய்ன் இருந்த அணியிடம். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஆயி ஞாபகம்தான் வந்தது. அவர் அதற்குள் ஷாங்காய்க்குத் திரும்பிப் போய்விட்டார்.

இறுதியாட்டத்தை வேண்டுமானால் விட்டுவிடுங்கள், அந்த நார்வே ஆட்டம் கிடைத்தால் முழுதாகப் பாருங்கள். மூன்றாவது நிமிடத்திலேயே முதல் கோல் சுன் வென்னுடையது, தாமதமாக உட்கார்ந்தால் தவறவிட்டுவிடுவீர்கள்.