பாயை இறுக்க இறுக்கப் படகு ஏன் மெதுவாகிறது?

மும்பைத் துறைமுகத்தில் லேசர் என்ற ஒற்றையாள் பாய்மரப் படகு பழகுவதாகவும், எதிர்காற்றில் பாயை எவ்வளவு இறுக்கினாலும் பின்தங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அந்த இறுக்கம்தான் காரணம்.

காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரப் படகும் போகாது. ஏறக்குறைய 45 பாகை விலகி, மாறி மாறித் திரும்பித்தான் முன்னேற முடியும். அப்போது பாயின் இரு பக்கமும் காற்று ஒட்டி ஓட வேண்டும். அளவுக்கு மேல் இழுத்தால் மறுபக்கத்துக் காற்று பிய்ந்துவிடும். படகு சாயுமே தவிர ஓடாது.

பாயில் ஒட்டியிருக்கும் நூல்களைப் பாருங்கள். வெயிலில் மறுபக்கத்து நூலும் துணி வழியே நிழலாகத் தெரியும். உங்கள் பக்கத்து நூல் துள்ளினால் காற்றைவிட்டுச் சற்று விலகுங்கள். மறுபக்கத்து நூல் துவண்டு சுழன்றால் காற்றை நோக்கித் திரும்புங்கள், அல்லது பாயை இழுக்கும் கயிற்றைக் கொஞ்சம் விடுங்கள். இரண்டும் பின்னோக்கிப் படிந்து ஓடினால் சரி.

கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் எலிஃபண்டா, மாண்ட்வா போகும் லாஞ்சுகள் (பயணிகள் மோட்டார் படகுகள்) கிளப்பும் அலை வேறு இருக்கிறது. படகின் மூக்கில் ஓர் அலை அறைந்தாலே படகு நின்றுவிடும். அங்கே கயிற்றை இரண்டு மூன்று அங்குலம் விட்டு, சற்று விலகி ஓட்டி, முதலில் வேகத்தைப் பிடியுங்கள். அப்புறம் இறுக்கலாம்.

மாலைக் கடற்காற்று வலுத்தால், கயிற்றை விடுவதற்கு முன்பே பூமை (பாயின் அடியில் இருக்கும் கிடைக்கம்பு) கீழே பிடிக்கும் வாங் என்ற கயிற்றை நன்றாக இறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பூம் மேலெழும்பி, தட்டையாக இருக்க வேண்டிய பாய் உப்பிவிடும்.