ஏரிக்கரைக் கோட்டை யாரு சொத்து?

கேள்வி: ஜெர்மனில வேலை பாக்குற எங்க மச்சான் மீர்ஸ்பர்க்னு ஒரு ஏரிக்கரைக் கோட்டை போட்டோ அனுப்பிருந்தாரு, உள்ளயே சின்ன சர்ச்சும் இருக்காம், ஆனா அது தனியார் சொத்துன்னு சொல்றாரு. நெசமாவா? அப்ப நம்ம ராம்நாடு அரண்மனை?
- ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: நெசந்தாங்க. ஆனா அங்க பக்கத்து பக்கத்துல ரெண்டு இருக்கு, பழைய கோட்டை தனியார், புது அரண்மனை கவர்மெண்ட்டு. 1526ல கான்ஸ்டன்ஸ் ஊரு புராட்டஸ்டன்ட் பக்கம் சாஞ்சதும் அங்க இருந்த பிஷப் மூட்டை கட்டிக்கிட்டு ஏரிக்கு இந்தப் பக்கம் வந்துட்டாரு, பிஷப் குடியிருக்குற இடத்துல சர்ச் இல்லாமயா இருக்கும். பின்னால வந்த பிஷப்புங்களுக்கு பழசு பத்தல, 1700கள்ல பகட்டா புதுசு கட்டிக்கிட்டாங்க. 1803 வாக்குல சர்ச் சொத்து மொத்தமும் பாடன் அரசு கைக்குப் போச்சு, பழசை இடிச்சுடலாம்னு பேச்சு வந்துச்சு, அப்பத்தான் லாஸ்பெர்க்னு ஒரு பிரபு, பழைய ஓலைச்சுவடி தேடுற நம்மூர் புலவர் மாதிரி கையெழுத்துப் பிரதி சேக்குற ஆளு, 1838ல அதை காசு குடுத்து வாங்கிட்டாரு. அவரு கொழுந்தியா அன்னெட்டே பெரிய கவிஞர், 1848ல அந்தக் கோட்டையிலதான் இறந்தாங்க. யூரோ வர்றதுக்கு முன்னாடி 20 மார்க் நோட்டுல அவங்க முகம், அந்த முகத்துக்குப் பின்னணியில மீர்ஸ்பர்க். அவங்க இருந்த ரூமை இப்பவும் டிக்கெட் எடுத்து பாக்கலாம். கவர்மெண்ட்டு இடிக்க நினைச்சதை தனியாள் காப்பாத்துனது, இதுக்காகவே எனக்கு லாஸ்பெர்க்கை புடிக்கும்.

நம்ம ஊரு கதை வேற. அதே 1803லதான் கம்பெனிக்காரன் சேதுபதி சீமையை ஜமீனாக்குனான், நாடு போச்சு, அரண்மனை குடும்பத்துக்கிட்டயே நின்னுச்சு. இப்ப அதுல இராமலிங்க விலாசங்குற தர்பார் மண்டபம் மட்டும் மாநில தொல்லியல் துறை மியூசியம். உள்ள இருக்குற ராஜராஜேஸ்வரி அம்மன் கோயில் சேதுபதிகளோட குடும்பக் கோயில்னாலும் நவராத்திரிக்கு ஊரே உள்ள போகும், உங்களுக்கு தெரியாததா. அதே அம்மன் முத்து விஜய ரகுநாத சேதுபதிக்கு செங்கோல் குடுக்குற மாதிரி விலாசத்து சுவத்துல வரைஞ்சிருக்கு, பக்கத்துல தஞ்சாவூர் மராட்டியரோட சண்டை, ராஜாவைப் பாக்க வந்த வெள்ளைக்காரனுங்கன்னு சுவரு பூரா ஆளுங்கதான், எல்லாம் 300 வருஷப் பழசு. ராமேஸ்வரம் போற வண்டி எல்லாம் இதைத் தாண்டித்தான் போகுது, எறங்கிப் பாக்குறவங்க கம்மி.

மச்சான் லீவுக்கு வந்தா கூட்டிட்டுப் போங்க. கூட வர்ற பசங்ககிட்ட சுவத்துல பேரு கிறுக்கக்கூடாதுன்னு மட்டும் சொல்லி வைங்க.